நீலமாப் போன பைப்பு வரி

என் குடும்பத்தைக் கெடுத்தவன் கோயமுத்தூர்ல ஏசி ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்கான் தம்பி. பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. கல்யாணம் ஆனவனா ஆகாதவனா, அதுவும் தெரியாது. ஆனா அவன் செஞ்ச வேலைதான் இது. எந்தக் கோர்ட்ல நிறுத்தினாலும் இதையேதான் சொல்லுவேன்.

கோவிச்சுக்காதீங்க. கழுத்துல கம்பெனிப் பட்டை தொங்குது, மடியில லேப்டாப் இருக்குது, அதனாலதான் அத்தனை சீட்டு காலியாக் கிடந்தும் உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். அவன் கம்பெனி வேற, உங்க கம்பெனி வேறங்கறீங்க. சரி, நம்பறேன். ஆனா ஒரே ஊரு, ஒரே தொழிலு. டீக்கடையில பார்த்துக்க மாட்டீங்களா? எங்க தொழில்ல திருச்செங்கோட்டுல ஒருத்தன் தும்மினா சங்ககிரியில இருக்கறவன் மூக்கைத் துடைப்பான்.

கார் வெச்சிருக்கற ஆளாட்டந் தெரியுது, எதுக்குப் பஸ்ல வர்றீங்கன்னு கேட்டீங்க. கார் என் வீட்டுக்காரி பேர்ல இருக்குது. எடுத்துட்டுப் போயிட்டா. நான்தான் டிரைவிங் கத்துக் குடுத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வர்றேன், அவசரப்படாதீங்க. பெருந்துறையே இன்னும் தாண்டலை.

என் பேரு அர்த்தநாரி. பழைய போர்வெல் வண்டியை விக்கிறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல நிக்கிற ஆளு. ரிக் புரோக்கர். படிப்புன்னு ஒண்ணும் இல்லைங்க. வண்டிக்குப் பின்னாடி நின்னு பைப்பு தூக்கினேன். சேத்துல குளிச்சேன். ஆந்திராவுல அடி வாங்கினேன், பாஷை தெரியாத ஊர்ல பட்டினி கிடந்தேன். எனக்குப் பாடம் எடுத்த வாத்தியாருங்க எல்லாருமே என்னை ஏமாத்தினவங்கதான். அதனால பாடம் மறக்கலை.

அந்தப் பாடத்துல முதல் பாடம், விக்கிறவனும் வாங்கறவனும் நேர்ல பார்த்துக்கக் கூடாது. பார்த்தா பேசுவாங்க. பேசினா சிரிப்பாங்க. சிரிச்சுட்டாங்கன்னா அப்புறம் புரோக்கர் எதுக்கு? ரெண்டு பேர் சேர்ந்திருந்தா எனக்கு ஒரு பார்ட்டி. பிரிஞ்சிருந்தா ரெண்டு பார்ட்டி. இது வெறும் கணக்கு தம்பி. இதுல பாவம் எங்கிருந்து வருது?

எங்க புரோக்கர் சங்கத்துக்கு உங்க ஊர்க் கம்பெனி ஒண்ணு ஒரு செயலி செஞ்சு குடுத்துச்சு. ஒரே பக்கத்தை நாலு பேர் அவங்கவங்க போன்ல திறந்து வெச்சு, ஒரே நேரத்துல எழுதலாம். நான் அங்க எழுத எழுத உங்களுக்கு இங்க தெரியும். ஆளுக்கொரு கலர்ல ஒரு சின்னக் கோடு மினுக்குமினுக்குன்னு நிக்கும், அதுக்கு மேல பேரு. நாங்க அதைப் பொதுப்பக்கம்னு சொல்லுவோம். வண்டிக்கு ஒரு பக்கம். விக்கிறவன் வண்டி விவரத்தை எழுதுவான், வாங்கறவன் அங்கேயே கேள்வி கேட்பான். கம்ப்ரசர் எந்த வருசம், பாறை உடைக்கற ஹேமர் புதுசா, எஞ்சின் வேலை பார்த்ததா. பேரை மட்டும் நான் வெப்பேன். ஒருத்தன் வடக்கு, ஒருத்தன் தெற்கு. யாருக்கும் யாரையும் தெரியாது. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

ஒரு நாள் அந்தக் கம்பெனியில இருந்து ஹேமலதான்னு ஒரு அம்மா சங்கத்துக்கு வந்துச்சு. நல்ல பொம்பளை. சொன்னதையெல்லாம் குறிச்சுக்கிச்சு.

"ஐயா, இதுல இன்னும் என்ன வசதி வேணும் உங்களுக்கு?"

மத்தவனெல்லாம் வடையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் வாயைத் திறந்தேன்.

"இதுல போன் நம்பரை எழுதினா செத்த பல்லியாட்டம் கிடக்குதும்மா. பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்குது. தொட்டா போன் போகணும். கம்பெனி வெப்சைட்டு எழுதினா, தொட்டாத் திறக்கணும். எல்லாம் அதுவாக் கண்டுபிடிக்கணும். எங்களை அதை அமுக்கு இதை அமுக்குன்னு சொல்லப்படாது."

"லிங்க் தானா விழணும்ங்கறீங்க. செய்யலாங்க ஐயா. நம்பரை எப்படி எழுதுவீங்க, சேர்த்தா பிரிச்சா?"

"எப்படி வேணா எழுதுவோம். ஒருத்தன் புள்ளி வெப்பான், ஒருத்தன் கோடு போடுவான். ஒருத்தன் லாரி ஓட்டிக்கிட்டே எழுதுவான். எப்படி எழுதினாலும் பத்து எண்ணு வந்தா அது நம்பர். பிடிச்சிரணும்."

"நம்பர் இல்லாத எதையாச்சும் பிடிச்சிருச்சுன்னா?"

"பிடிச்சாப் பிடிச்சுட்டுப் போகட்டும். விட்டுட்டாத்தான் நட்டம்."

அந்தம்மா அதையும் குறிச்சுக்கிச்சு. "அப்படின்னா, வேண்டாத இடத்துல லிங்க்கை எடுத்துவிடறதுக்கு ஒரு பொத்தானும் சேர்த்து வெச்சிரலாங்க. அதுக்குக் கொஞ்சம் கூட வேலை இருக்குது. ரேட்டும் கொஞ்சம் கூடும்."

ரேட்டு கூடும்னு ஒருத்தர் சொன்ன பொறவு இந்த அர்த்தநாரி உட்கார்ந்திருந்தா அது அர்த்தநாரி இல்லை. எந்திரிச்சேன். செருப்பை மாட்டினேன். "வாங்கப்பா, ஈரோட்டுல ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கிட்டே இருக்கறான், அங்க போலாம்"னேன். ஈரோட்டுல எவனும் கூப்பிடலை. அந்தம்மா வாசல் வரைக்கும் வந்துச்சு. வாசல்ல வெச்சுத்தான் முடிச்சேன். லிங்க் வேலை இனாம். பொத்தானைக் கழிச்சாச்சு.

"பொத்தான் இருந்தா உங்களுக்குத்தான் நல்லதுங்க ஐயா."

"எங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு. நீங்க சீக்கிரம் குடுங்க."

சங்கத்துல எனக்குத் துண்டு போர்த்தினாங்க தம்பி. அன்னிக்கு அத்தனை கைதட்டு.

பார்க்கறீங்களே, அந்தப் பார்வை எனக்குப் புரியுது. நான்தானே பொத்தானை வேண்டாம்னேன், அப்புறம் எதுக்கு அவனைத் திட்டறேன்னுதானே? ஏனுங்க, துணிக்கடையில பை வேண்டாம்னு நீங்க சொன்னா, எடுத்த சீலையைக் கையில அப்படியேவா குடுத்தனுப்பறான்? பையில போட்டுத்தானே குடுப்பான். பேரத்துல ஆயிரம் சொல்லுவோம். செய்யறவனுக்கு ஒரு மனசாட்சி வேணும். இவன் சொன்னதைச் சொன்ன மாதிரியே செஞ்சு வெச்சிருக்கான். இப்படி ஒரு அயோக்கியனை நான் பார்த்ததில்லை.

இப்ப பைப்பு வரி. அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

ஒரு புரோக்கர்கிட்ட ஒரே நேரத்துல பத்து வண்டி நிக்கும். எந்த வண்டி எவனோடதுன்னு மறக்கும். மறந்து ஒருத்தனோட வண்டியை இன்னொருத்தன்கிட்ட விலை பேசின கதையெல்லாம் உண்டு. அதுக்கு நாங்க ஒண்ணு கண்டுபிடிச்சோம். வண்டி விவரத்துல கடைசியில, பழைய பைப்புன்னு ஒரு வரி எழுதுவோம். பக்கத்துல பைப்பு அளவு மாதிரி, கோடு போட்டுப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணு இருக்கும். பார்க்கறவனுக்கு அது பைப்பு. எங்களுக்கு அது வண்டிக்காரனோட போன் நம்பர். புரோக்கருக்குப் புரோக்கர் அந்த வரியை மட்டும் படிக்கறதில்லை. ஒருத்தன் குளிக்கையில எட்டிப் பார்ப்போமா? அந்த மாதிரி. காகிதத்துல எழுதின காலத்துல இருந்து அதுதான் வழக்கம். பொதுப்பக்கம் வந்த பொறவும் அப்படியே எழுதினோம்.

என் மச்சான் ராக்கியப்பன், வீட்டுக்காரிக்கு அண்ணன், வண்டியை விக்கணும்னு வந்தாரு. தண்ணி இல்லாத ஊர்ல போர் போட்டுப் போட்டு நொடிச்சுட்டாரு. ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாரு.

"மாப்ள, என் வண்டி எவன்கிட்ட வேணாலும் போகட்டும். அத்தியப்பன் வாசல்ல மட்டும் நிக்கப்படாது."

அத்தியப்பன் அவருக்குச் சித்தப்பன் மகன். பங்காளி. ஒரு காலத்துல அண்ணனும் தம்பியும் சேர்ந்து வண்டி வெச்சு ஓட்டினவங்கதான். குழிக்குள்ள பைப்பு சிக்கி, அதை உருவலாமா விட்டுட்டு வரலாமான்னு ஆரம்பிச்ச பேச்சு, அப்படியே முத்திப்போய், பேச்சே இல்லைன்னு ஆச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான்தான். இவரு என்ன சொல்றாருன்னு அவன் கேட்பான், அவன் என்ன சொல்றான்னு இவரு கேட்பாரு. சொன்னதை அப்படியே கொண்டுபோனா நல்லா இருக்குமா? நான் என் பாஷையில மாத்திக் கொண்டுபோவேன். வண்டி வாங்கறதும் விக்கறதும் ரெண்டு பேருக்குமே என் வழியாத்தான்.

சரி, மச்சான் சொல்றாரு அத்தியப்பன் வேண்டாம்னு. ஆனா அந்த வண்டியை அந்த நேரத்துல வாங்கறதுக்கு வக்கு உள்ளவன் அத்தியப்பன் ஒருத்தன்தான். நான் என்ன செய்ய? மச்சானை வடக்குன்னு வெச்சேன், அத்தியப்பனைத் தெற்குன்னு வெச்சேன். மச்சான்கிட்ட ஒடிசா பார்ட்டின்னேன். அத்தியப்பன்கிட்ட நாமக்கல் வண்டின்னேன். வண்டியைப் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டா எந்த வண்டின்னு எவனுக்குத் தெரியும்? ரெண்டு பேருக்கும் நல்லதுதானே நினைச்சேன். நீங்களே சொல்லுங்க.

அந்தப் பொதுப்பக்கத்துல என்னையும் சேர்த்து நாலாவதா ஒரு ஆளும் உண்டு. ஆபீஸ்னு பேரு. அது என் வீட்டுக்காரி ருக்குமணி. எனக்கு வேகமா அடிக்க வராது. அவதான் வீட்டுல இருந்தே விவரமெல்லாம் அடிப்பா. வடக்கு யாரு தெற்கு யாருன்னு அவளுக்குத் தெரியாது. பைப்பு வரியை மட்டும் நான் அடிப்பேன்.

அன்னிக்குக் காலையில சங்ககிரி ரோட்டுல என் ஆபீஸ்ல உட்கார்ந்து பக்கத்தைப் பார்த்துட்டிருக்கேன். ஹேமர் பத்தித் தெற்கு ஏதோ கேட்டுது, வடக்கு பதில் எழுதிட்டிருக்குது. விலை படியப் போகுது. அந்த வாசனை எனக்குத் தெரியும். அப்பப் பார்த்து என் கண்ணு முன்னாடி அந்தப் பைப்பு வரி நீலமா மாறுச்சு. அடியில ஒரு கோடு வேற.

எனக்கு முதல்ல விளங்கலை. எதுக்கு நீலமாகுதுன்னு உத்துப் பார்த்தேன். அப்புறந்தான் விளங்குச்சு. அந்தக் கோயமுத்தூர்க்காரன், நான் கேட்ட வசதியை அன்னிக்குக் காலையிலதான் எல்லாப் பக்கத்துக்கும் திறந்து விட்டிருக்கான். கோடு போட்டாலும் புள்ளி வெச்சாலும் பிடிக்கற வசதி. அழிக்கலாம்னு போனேன். என் பெரிய விரலுக்கு அந்தச் சின்ன எழுத்து சிக்குமா? நான் அழிக்கறதுக்குள்ள தெற்கோட கோடு வந்து அந்த வரியில நின்னுச்சு.

நீலமாத் தெரிஞ்சாத் தொடத்தான் செய்வான். மனுசன்தானே.

அதுல கொடுமை என்னன்னா, அத்தியப்பன் போன்ல அந்த நம்பர் இன்னும் இருந்திருக்குது. அண்ணன்னு பேர் போட்டு. மச்சான் போன்லயும் அவன் நம்பர் இருந்திருக்குது. தம்பின்னு பேர் போட்டு. ஏனுங்க, முகத்துல முழிக்க மாட்டேங்கறவன் நம்பரை எதுக்கு வெச்சிருக்கணும்? அதை அழிச்சிருந்தா அது வெறும் எண்ணு. எவனோ வண்டிக்காரன்னு பேசிட்டு வெச்சிருப்பாங்க, நான் சமாளிச்சிருப்பேன்.

பக்கத்துல வடக்கோட பச்சைக் கோடும் தெற்கோட சிவப்புக் கோடும் அசையாம நிக்குது. எழுத்து வரலை. வடக்குக்குப் போன் போட்டேன், வேற அழைப்புல இருக்காராம். தெற்குக்குப் போட்டேன், அவனும் வேற அழைப்புல இருக்கான். ரெண்டு கோடும் பக்கத்துல பக்கத்துல மினுக்குமினுக்குன்னு நிக்குது. டீ ஆறிப்போய் ஆடை கட்டிருச்சு.

அப்புறம் பச்சைக் கோடு நகர்ந்துச்சு. பைப்பு வரிக்குக் கீழே மச்சான் எழுதறாரு. ஒவ்வொரு எழுத்தா விழுகறதைப் பார்க்கறேன்.

"மாப்ள, எங்கம்மா எழவுக்கு அத்தியப்பனை வர வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

இது என்னன்னு கேட்பீங்க. என் மாமியார் செத்தப்ப அத்தியப்பன் எனக்குப் போன் போட்டான். "மச்சான், பெரியம்மா போயிட்டாங்களாமே. கிளம்பி வரட்டுங்களா? அண்ணன் என்ன சொல்லுது?" அழுகறான். எழவு வீட்டுல ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா வெட்டுக்குத்து ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுமா? "வேண்டாம் அத்தியப்பா, அண்ணன் கொதிச்சுப்போய் உட்கார்ந்திருக்குது"ன்னேன். இங்க வந்து, பங்காளி எங்கேன்னு எல்லாரும் கேட்டப்ப, கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? ஒரு எழவை அமைதியா எடுத்து முடிச்சுக் குடுத்தேன். அதுக்கு எனக்கு ஒருத்தனும் துண்டு போர்த்தலை.

ருக்குமணிதான் அன்னிக்கு அம்மா செத்ததுக்கு அழுததைவிட அதுக்கு ரொம்ப அழுதா. தோள்ல தூக்கி வெச்சு வளர்த்த தம்பி, எங்கம்மாவுக்குத் தோள் குடுக்க வரலையேன்னு. அதுக்கப்புறம் அவன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா.

நான் மச்சானுக்குப் பதில் எழுதணும். நாலு வார்த்தை அடிக்கறேன், அழிக்கறேன். அடிக்கறதும் அழிக்கறதும் அவங்களுக்குத் தெரியும்ங்கறதே எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பேரம்னா நினைச்சதை நினைச்சு முடிச்சு அப்புறம் சொல்றது. இது என்ன எழவு, நினைக்கறப்பவே ஊரே பார்க்குது.

அப்பத்தான் மஞ்சள் கோடு வந்துச்சு. ஆபீஸ். மேல ஹேமர் வரியில இருந்து மெதுவா இறங்கி வந்து, மச்சான் கேட்ட கேள்விக்கு முன்னாடி நின்னுச்சு. அப்புறம் எழுதினா.

"எனக்கும் தெரியணும்."

அவ்வளவுதான் எழுதினா. நான் ஆபீஸைப் பூட்டக்கூட இல்லை, வீட்டுக்கு ஓடினேன். கார் ஷெட்டு காலி. அடுப்புல சோறு வடிச்சு வெச்சிருந்தா, எனக்கு மட்டும் அளவா.

வண்டியை விக்கலை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓட்டறாங்களாம். வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பேரோட பேரையும் எழுதியிருக்காங்க, என் கண்ணாலயே பார்த்தேன், என் பைக்குக்கு முன்னாடிதான் போகுது, ஹாரன் அடிச்சும் வழி விடலை. மாமியாருக்கு வருசத் திதி குடுத்தாங்க. பங்காளி வந்து பக்கத்துல உட்கார்ந்தானாம். ருக்குமணி பரிமாறினாளாம். வீட்டு மாப்பிள்ளைக்குச் சொல்லி விடலை. சமைக்கப் போன ஆளு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மத்த புரோக்கருங்களுக்கும் பைப்பு வரி நீலமாச்சு. அவனுங்க சமாளிச்சுக்கிட்டானுங்க. "நம்பர் தெரிஞ்சாத்தான் என்னண்ணே, கமிஷன் குடுக்கறவன் குடுக்கத்தானே செய்யறான்"னு ஒருத்தன் என்கிட்டயே சொல்றான். தொழில் தெரியாதவன்.

ஹேமலதாம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஐயா, நீங்க கேட்டபடிதானே செஞ்சோம். வேணும்னா இப்ப அந்தப் பொத்தானை வெச்சுக் குடுத்திரலாங்க"ங்குது. இப்ப எதுக்கு? பொத்தானை அமுக்கினா நீலம் போகும். அவங்க பேசினது போகுமா? அந்த லிங்க் வேலையைச் செஞ்சவனைக் கூப்பிடுங்கன்னேன். அவரு யார்கிட்டயும் பேச மாட்டாருங்க ஐயா, வேலையில இருக்கறாருன்னு வெச்சிருச்சு.

இப்ப அவனைத்தான் பார்க்கப் போறேன். ரூம் கதவைத் தட்டி நேர்ல கேட்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் தம்பி. ருக்குமணிகிட்டச் சங்கத் தலைவரைத் தூது அனுப்பலாம்னு போனேன், உன் வீட்டுச் சமாச்சாரத்துல நான் எப்படிப்பான்னுட்டாரு. பக்கத்து வீட்டு அம்மாகிட்டச் சொன்னேன், அது கதவைச் சாத்திக்கிச்சு. ஊர்ல எத்தனை பேருக்கு நடுவுல போய் நின்னிருப்பேன். எனக்கு நடுவுல போக ஒரு ஆள் கிடைக்கலை.

பாருங்க, இதுதான் அந்தப் பக்கம். இன்னும் மூடலை. வடக்கும் தெற்கும் போயாச்சு. கீழே ஆபீஸ்னு இருக்குதுல்ல, அது அவ நம்பர். புள்ளி இல்லை, கோடு இல்லை, நேரா எழுதினது. நீலமா இருக்குது. தொட்டுக் காட்டறேன், கேளுங்க. போகுதா? மணி அடிக்குதா? அடிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்விட்ச் ஆஃப் இல்லை, அழைப்புல இல்லை. கையில வெச்சுக்கிட்டுத்தான் இருப்பா. என் பேரைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பா.

நின்னுபோச்சு.

அவிநாசி வந்தா எழுப்பி விடுங்க. தூக்கம் வராது, இருந்தாலும் சொல்லி வெக்கறேன். நீங்க முன்னாடி அவனைப் பார்த்தீங்கன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆகாதவங்க ரெண்டு பேரைத் தொட்ட உடனே பேச வெச்சான்ல. பாதி வேலைதான் அது. மீதியையும் அவன்தான் செஞ்சு குடுக்கணும். நான் தொட்டா அவ எடுக்கணும். அவ எடுக்கற மாதிரி செஞ்சு குடுத்துட்டு அப்புறம் வேற வேலையைப் பார்க்கச் சொல்லுங்க. என்ன ரேட்டு வேணாலும் சொல்லட்டும். இதுக்கு மட்டும் அர்த்தநாரி பேரம் பேச மாட்டான்.